ஒரு இழுப்புக்கு ஒன்று

ஒற்றை வேலை மிஷினே போதும் என்றேன்.
திருச்சூர்க் கடையில் குரியச்சன்
ஐந்து நிலைக்காரனைத் துடைத்து முன்னால் வைத்தார்:
"ஒரு இழுப்புக்கு ஒன்று விழும் சேச்சி."

விழத்தான் செய்தது.
கைப்பிடி தாழும்போது
ஒரு கூட்டில் பழைய கேப்பு கழலும்,
பக்கத்துக் கூட்டில் மருந்து இறங்கும்,
அடுத்ததில் தக்கை,
பிறகு ஈயம், சரசரவென்று,
கடைசிக்காரன் ஆறு மடிப்பாய்
வாயைப் பொத்திக்கொள்வான்.
ஐந்து வேலைக்கு ஒரு கை.
எனக்கு இது புதிதில்லை.

பதினேழோ பதினெட்டோ,
பாதி இழுப்பில் போன்.
மெம்பர் சகாயம், வடகரப்பதியிலிருந்து:
"வேலாத்தா காட்டுல கடலையைப் பூராம்
பன்னி கிண்டிப் போட்டிருச்சு.
இன்னிக்கு ராத்திரி நீங்க வந்தே ஆகணும்."

வந்து மிச்சத்தையும் இழுத்தேன்.
இருபத்தைந்தும் வரிசையாய், சிவப்பாய்,
ஒன்றுபோல் ஒன்று நின்றபோதுதான் உறைத்தது:
அந்தப் பாதியில்
மருந்து விழுந்ததா?

குலுக்கினால் எல்லாம் ஊமை.
தங்கத் தராசில் நிறுத்தேன்.
ஈயம் ஒன்றில் நாலு மணி கூட,
ஒன்றில் நாலு மணி குறைய.
அந்தச் சந்துக்குள்
மருந்தின் எடை ஒளிந்துகொண்டது.

கத்தியை எடுத்தேன்.
ஒன்று, இருக்கிறது.
ஆறு, இருக்கிறது.
பத்தொன்பது. தக்கைக்குக் கீழே
வெறும் பித்தளை.
அதோடு நிறுத்தவும் மனசு வரவில்லை,
இருபத்தைந்தையும் கீறினேன்.

கொழிஞ்சாம்பாறையில் பழைய பெட்டி ஒன்றைக் கடன் வாங்கி
வரப்பில் ஏறும்போது மணி இரண்டு.
டார்ச்சோடு சகாயம்.
கால்தடத்தில் ஈரம் காயவில்லை.
"இவ்வளவு நேரம் என்னக்கா பண்ணீங்க?"

"ஒரு போன் வந்துச்சு" என்றேன்.