தணிக்கை நாள்

மசேரு. ஆகஸ்ட் குளிர்.
இன்று மட்டும் கழிப்பறையில் சோப்பு,
முதலுதவிப் பெட்டியில் பஞ்சு.
ஒன்பதாம் வரிசைக்கு
மணிக்கு நூற்றிருபது பாக்கெட் கணக்கு;
இன்று தொண்ணூறு போதுமாம்.
மேற்பார்வையாளர் சிரிக்கவும் செய்கிறார்.

பதில்களை நேற்றே கொடுத்துவிட்டார்கள்.
தண்ணீர் உண்டா? உண்டு.
ஓவர்டைம் விருப்பப்பட்டா? விருப்பப்பட்டு.
பாபின் மாற்றும்போதெல்லாம் மாத்சேபோ
உதட்டுக்குள் ஒப்பித்துப் பார்த்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு
அவசர வழியின் பூட்டைத் திறந்தார்கள்.
துரு உதிர்ந்தது.
வெளியே, கைக்கெட்டும் தூரத்தில்
ஒரு பீச் மரம்
இலையே இல்லாமல்
உடம்பெல்லாம் இளஞ்சிவப்பாய்ப் பூத்து நின்றது.
நான்கு வருடம் அந்தச் சுவருக்கு
முதுகைக் காட்டித் தைத்திருக்கிறாள்.

ஹாம்பர்க்கிலிருந்து வந்தவர் நல்லவர்தான்.
குனிந்து, மெதுவாகக் கேட்டார்:
இந்தக் கதவு எப்போதும் திறந்திருக்குமா?

ஒப்பித்ததெல்லாம் மறந்துபோய்
‘பூத்திருக்கிறது ஐயா’ என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கினார்.
பிறகு ‘ஆம்’ என்றார்.
பேனா ஒரு கட்டத்தில் டிக் போட்டது.

நாலு மணிக்கு வேன் கிளம்பியது.
பூட்டை மாட்ட வந்த பையன்
கதவிடுக்கில் சிக்கிய இதழ்களைக்
காலால் வெளியே தள்ளினான்.

நூற்றிருபது, என்று குரல் வந்தது.