பச்சைக் கண்ணாடிக்கான துளை

புர்க்டோர்ஃபில் வெறும் போத்தலுக்கு மூன்று துளைகள்:
வெள்ளைக்கு, மண்ணிறத்துக்கு, பச்சைக்கு.
ஞாயிற்றுக்கிழமை எறியக் கூடாது.
இரவு எட்டுக்குப் பிறகும் கூடாது.
சனி காலை, ஆளில்லாத நேரம் பார்த்துப் போவேன்.

எனக்குப் பச்சைத் துளையோடுதான் பழக்கம்.
போத்தலைக் கைவிட்டதும்
ஒரு கணம் சத்தமே இராது.
பிறகு ஊருக்கே கேட்கும்.

ஒருமுறை கோசலா அக்கா கண்டுவிட்டா.
பையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.
"பாவம் நீர். மனுசன் இவ்வளவு குடிக்கிறாரோ?"
தலையை ஆட்டினேன்.
குகதாசின் பியர் மேசையில் நிற்கும், எல்லோரும் பார்க்க.
என் வைன் அரிசிமா வாளிக்குப் பின்னால்.

"கிழமைக்கு எத்தனை கிளாஸ்?"
மார்பகப் படம் எடுக்க முதல்
படிவத்தோடு கேட்டாள் தாதி ட்ஸ்பிண்டன்.
"இரண்டு, மூன்று."
எழுதினாள். நிமிரவில்லை.
நிமிர்ந்திருந்தால் திருத்தியிருப்பேனோ என்னவோ.

சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று கடிதம் வந்த இரவு
அதைக் கொண்டாட ஒரு போத்தல் திறந்தேன்.
சிரியுங்கள்.
கடிதத்தோடு சின்னத் தாளொன்றும் இருந்தது.
பியரானாலென்ன, விலை கூடிய வைனானாலென்ன,
உடம்பு அதை உடைக்கும்போது பிறக்கிற நஞ்சு
உயிரணுவின் எழுத்தைப் பிழையாக்கும்.
வாய், தொண்டை, ஈரல், குடல், மார்பு.
இவ்வளவு வரை பரவாயில்லை என்று
எங்காவது ஒரு கோடு இருக்கும் என்று தேடினேன்,
கிளாசைக் கையில் வைத்தபடி.
கோடு இல்லை.
குறையக் குறைய ஆபத்தும் குறையும்.
அவ்வளவுதான் இருந்தது.

முதியோர் இல்லத்துச் சமையலறையில்
ஹெர் லூத்தியின் சூப்புக்கு உப்பைக்
கிராம் கணக்கில் நிறுக்கிறவள் நான்.
வீட்டில் எதையும் அளந்ததில்லை.
அன்றைக்கு அளவுச் சாடியை எடுத்து
வழக்கமான மட்டம் வரை வார்த்த கிளாசை
அதற்குள் கவிழ்த்தேன்.
மூன்று டெசி.
கடையில் ஒரு கிளாஸ் என்றால் ஒரு டெசி.
நான் சொன்ன பொய்கூட மூன்று மடங்கு.

அந்தக் கிளாசில் இப்போது கொத்தமல்லிக் கட்டு நிற்கிறது.
வேலை முடிந்தால் பாலத்தால் வராமல்
ஆற்றங்கரையால் வருகிறேன். அந்தப் பக்கம் கடையில்லை.
திங்கள் முதல் வியாழன் வரை ஒன்றுமில்லை.
வெங்காயம் வதக்குகிற நேரந்தான் பொல்லாதது,
கை தன்பாட்டில் வாளிக்குப் பின்னால் போகும்.
அடுப்புக்குப் பக்கத்தில் இஞ்சித் தண்ணீர் வைத்திருக்கிறேன்.
கையை ஏமாற்றலாம், கொஞ்சம்.
போன புதன் ஏமாறவில்லை.
வியாழன் மறுபடி தொடங்கினேன்.

இந்தச் சனி பையில் இரண்டே இரண்டு.
ஒன்று ஊறுகாய்ப் போத்தல்.
வெள்ளைத் துளைக்கு முன் புதுச் சனம் மாதிரி நின்றேன்.

"மனுசன் குறைச்சிட்டார் போல,"
பின்னாலிருந்து கோசலா அக்கா.

"அவரில்லை அக்கா," என்றேன். "நான்."

ஒரு கணம் சத்தமே இல்லை.