பதினோரு நொடி

அந்தப் பதினோரு நொடிப் படத்தில் நானும் இருக்கிறேன்.
முதல் ஒன்றரை நொடி மட்டும்.
பச்சைச் சட்டை, எண் அறுபத்து நான்கு.
அப்புறம் மல்லாந்து கிடக்கும் ஒரு வெள்ளைத் தலைக்கவசம்.
பெயரை யாரும் கேட்டதில்லை.
கேட்டால், வெண்டல் ஸ்க்ராகின்ஸ்.

காலால் அதிகம் தொடாத கால்பந்து எங்களுடையது.
அதிலும் பந்தையே தொடாத வேலை என்னுடையது:
எதிரே குனிந்து நிற்பவனை
மூன்று நொடி தாமதப்படுத்துவது.
அதற்காக நான்கு வருடம்
விடிகாலையில் பன்னிரண்டு முட்டை தின்றேன்.
என் கல்லூரிக் கட்டணம் முழுக்க
அந்த மூன்று நொடிக்குள் இருந்தது.

எதிரே டெமெட்ரிக் பிராட்னாக்ஸ்.
மிசிசிப்பிக்காரன்,
கெளுத்தி மீன் பண்ணைகளுக்கு நடுவே ஓர் ஊர்.
முன்னூற்றுப் பதினொரு பவுண்டு.
மூச்சில் லவங்கப்பட்டை மிட்டாய் வாசம்.
இந்தக் கடைசி விவரம்
எந்தத் தேர்வாளரின் குறிப்பேட்டிலும் கிடையாது.

நவம்பர், கடைசி சனிக்கிழமை. அயோவா.
தரை ஓடாக இறுகியிருந்தது.
மூன்றாம் முயற்சி, இரண்டு கஜம் பாக்கி.
நான் அவன் விரல்களைப் பார்த்தேன்.
எங்கள் வேலையில் அது அரிச்சுவடி:
ஊன்றிய விரல் நகம் வெளுத்திருந்தால்
பாரம் முன்னால் இருக்கிறது, பாய்வான்.
வெளுக்காவிட்டால் பக்கவாட்டில் நழுவுவான்.

வெளுக்கவில்லை.
தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல்
புல்லைத் தொட்டுக்கொண்டிருந்தான்.

நழுவுவான் என்று நான் இடக்காலுக்கு மாறினேன்.
அவன் நேராக வந்தான்.
கதவை உடைத்துக்கொண்டு என்று எழுதினார்கள் மறுநாள்.
இல்லை.
கதவே வைக்காத வீட்டுக்குள் வருவதுபோல் வந்தான்.
புறமுதுகு காட்டினேன் என்று யாரும் சொல்ல முடியாது;
காட்டியிருந்தால் குப்புற அல்லவா விழுந்திருப்பேன்?

பயந்துபோன எங்கள் குவார்ட்டர்பேக்
பந்தைத் தூக்கி ஓரத்துக்கு எறிந்தான்.
பிடித்த பையன் காற்று.
முன்னே வெறும் மைதானம்.
அங்கே முடிந்திருக்க வேண்டும் பிராட்னாக்ஸின் வேலை.
அத்தனை பெரிய உடம்புகள் இடுப்பில் கைவைத்து
மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்கும் நேரம் அது.

திரும்பினான்.
எங்கள் பையன் இருவரை ஏமாற்றி
வளைந்து வளைந்து ஓட,
இவன் கோடு கிழித்தாற்போல் ஓடினான்.
முதுகுக்குக் கீழே தரை அதிர்வதை
படுத்திருந்த எனக்கு மட்டும்தான் தெரியும்.
ஐம்பத்தாறு கஜம்.
கோட்டுக்கு நான்கு கஜம் முன்னால்
கணுக்காலைப் பிடித்தான்.
அந்த நான்கு கஜத்தை நாங்கள் தாண்டவேயில்லை.

இப்போது மார்ச்.
அவனை அளக்கிறார்கள்: தோள், உள்ளங்கை,
நாற்பது கஜ ஓட்டம், குதி உயரம்.
கைதான் இடிக்கிறதாம்,
அரை அங்குலம் குட்டை.
முதல் சுற்றில் போவான் என்கிறார் ஒருவர்,
மூன்றாம் சுற்று என்கிறார் இன்னொருவர்.
நடுவில் இருப்பது பல லட்சம் டாலர்.

நான் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறேன்.
நேற்று ஒரு தொலைபேசி. தேர்வாளர் ஒருவர்,
தொண்டை கட்டிய குரல்.
“அவன் கை உனக்குக் குட்டையாகத் தெரிந்ததா?”
என் நெஞ்சை எட்டியது, என்றேன்.
சிரித்தார். பிறகு கேட்டார்:
“உறைந்த தரை ஆயிற்றே. நீ வழுக்கிவிட்டாயா?”

ஆமாம் என்று ஒரு சொல்.
எனக்கு என் ஒன்றரை நொடி திரும்பும்.
அவனுக்கு ஒரு சுற்று இறங்கும்.
ஜன்னலுக்கு வெளியே சோளத் தூசி பறந்தது.

வழுக்கவில்லை, என்றேன்.
“அப்படியென்றால் எப்படி?”
தெரியவில்லை, என்றேன்.

விரல்களைப் பற்றிச் சொல்லவில்லை.
இன்னும் பத்து வருடம்
என்னைவிடப் பெரியவர்கள், கூலி வாங்குபவர்கள்
அந்த நகங்களைக் குனிந்து பார்ப்பார்கள்.
பார்க்கட்டும்.

எடை மேடையில் ஒரு லாரி உறுமிக்கொண்டிருந்தது.
பின்சக்கரம் ஒன்று மேடைக்கு வெளியே.
ஓட்டுநர் பார்க்காததுபோல் இருந்தார்.
முன்னே எடுங்கள் என்று கை காட்டினேன்.
இன்னும் கொஞ்சம்.
இன்னும்.