இரண்டாவது கட்டம்

கையை முதலில் நனைக்கணும் என்றாள் திரீனு.
காய்ந்த கை அதன் தோலைச் சுடும்;
களிம்பு பூசிய கை விஷம்.
சாலையோர வாய்க்காலில் முக்கினேன்.
ஏப்ரல் தண்ணீர்.
பத்து விரலும் யாருடையவோ ஆகிவிட்டன.

ஏழு பேர் வந்திருந்தோம்:
ரொட்டிக்கடை மால்லே, அவள் புருஷன்,
பரீட்சைக்குப் படிக்காமல் ஓடிவந்த ஒரு பையன்,
பேர் சொல்லாத மூன்று பேர், நான்.
ஆளுக்கொரு மஞ்சள் மேலங்கி,
ஆளுக்கொரு வாளி.

தேரை எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறதோ
அந்தப் பக்கமே கொண்டுபோய் விட வேண்டும்.
வந்த வழிக்கே திருப்பினால்
முதலிலிருந்து கடக்க ஆரம்பிக்கும்.
"அதுக்கு எங்கே போகணும்னு தெரியும்.
தெரியாதது உங்களுக்குத்தான்."
சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.
இருபத்து நான்கு வயதிருக்கலாம் அவளுக்கு.

ஜோடியைப் பிரிக்கக் கூடாது.
முதுகில் ஏறிய ஆண் குளம் வரை இறங்காது.
மால்லே புருஷனைப் பார்த்தாள்.
அவர் வாளிக்குள் பார்த்தார்.

கடைசியாக ஒரு தாள், ஒரு பென்சில்.
இரண்டு கட்டம்:
உயிரோடு. உயிரில்லாமல்.
"ரெண்டாவதை வெறுமனே விட்டுடாதீங்க.
அந்த எண்ணைக் காட்டித்தான்
ராத்திரியில இந்தச் சாலையை அடைக்கச் சொல்லிக் கேக்கறோம்."

தலையாட்டினேன்.
எஸ்டோனியாவின் தெற்கு முழுக்கப் பால் ஏற்றியவன் நான்.
வோரு போகும் இந்த வளைவில் மட்டும் பதினாறு வருடம்.
மழை ராத்திரிகளில்
சக்கரத்தடியில் பொத்துப் பொத்தென்று கேட்கும்.
ஈர இலை என்று வைத்துக்கொண்டேன்.
வசந்தத்தில் எந்த மரம் இலை உதிர்க்கும்?
பதினாறு வருடமும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.
திரீனுவிடம் இதைச் சொல்லவுமில்லை.
படிவத்தில் தொழில் என்ற இடத்தில்
ஓய்வு என்று எழுதியிருந்தேன்.

ஒன்று நாற்பதுக்கு லாரி வந்தது.
நேரம் மாறவில்லை, பால் நிலையமும் அதேதான்.
விளக்கைத் தாழ்த்தி அசைத்தேன், அவள் காட்டிய மாதிரி.
ஓட்டுபவன் யாரோ, புதுப் பையன்,
வேகம் குறைக்காமல்
ஹாரனை இரண்டு முறை தட்டிவிட்டுப் போனான்,
சிநேகமாக.
மஞ்சள் மேலங்கிகளைக் கண்டால்
நானும் அப்படித்தான் தட்டுவேன்.

தார் முழுக்க டீசல் வாசம்.
குனிந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு,
இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டேன்.
ஒன்று, இரண்டு,
சக்கரத்தின் வரி அப்படியே பதிந்த மூன்றாவது,
நான்கு.
ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கப் போனேன்.

பின்னங்கால் அசைந்தது.

பென்சிலைக் காதில் செருகிவிட்டு
வாய்க்காலுக்கு ஓடினேன்,
கையை நனைக்க.