துவர்

அரவேணு தாண்டி மூன்றாவது வளைவில் ஜெசிந்தாவின் வீடு.
மீட்டர் உள்ளே,
ஜன்னல் இல்லாத சாமான் அறையில்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எண் எடுப்பேன்.
என் பெயர் அவளுக்குத் தெரியாது.
“ஈ.பி. வந்தாச்சு” என்று நாயிடம் சொல்வாள்.

ஜூனில்
மீட்டருக்குக் கீழே புதிதாய் ஒரு கண்ணாடி ஜாடி.
மூடியில் செருகிய ரப்பர் குழாயின் மறுநுனி
ஊறுகாய் பாட்டில் தண்ணீருக்குள்.
பளக்.
பதினொன்று எண்ணும்வரை ஒன்றுமில்லை.
பளக்.
மேலே மீட்டரின் சிவப்புப் புள்ளி சிமிட்ட
கீழே ஜாடி பதில் சொல்ல
இருட்டில் இரண்டு பேர்
உட்கார்ந்து வரவு செலவு பார்ப்பதுபோல் இருந்தது.

“திராட்சை இல்ல” என்றாள், நான் கேட்காமலே.
“கம்பத்துப் பன்னீர் திராட்சைய
பேக்கரிக்காரங்க மொத்தமா அள்ளிட்டாங்க.
இது தவிட்டுப்பழம்.”

தவிட்டுப்பழமா?
பஸ் ஸ்டாண்டில் டம்ளர் கணக்கில் விற்பார்களே,
தின்றால் நாக்கு ஊதா, பல்லிடுக்கில் விதை,
அதையா?

ஆகஸ்டில் சத்தம் நின்றிருந்தது.
அடியில் சேறு, மேலே தெளிவு.
அக்டோபரில் ஜாடியே இல்லை.
அரசு ஊழியர் கேட்கக்கூடாத கேள்விகள் உண்டு.
நூற்றுப் பன்னிரண்டு யூனிட் என்று எழுதிவிட்டு
மழையில் இறங்கி வந்தேன்.

டிசம்பரில் கடைசி வீடு அவளுடையது.
கடைசியாக வைத்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை.
எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள்.
“கண்ணாடி கிளாஸெல்லாம் விருந்தாளிக்கு.”
“மணி அஞ்சேகால், டூட்டி முடிஞ்சுது” என்றேன்,
யாரும் கேட்கவில்லை.

எவர்சில்வருக்குள் என்ன நிறம் தெரியும்?
டார்ச்சை அடித்தேன்.
கதவிடுக்கில் நசுங்கிய நகம்
மூன்றாம் நாள் காட்டும் நிறம்.
சாய்த்தால் விளிம்பில் மட்டும்
செங்கல் உடைத்த சிவப்பு.

முதல் மடக்கு
நாக்கை உள்ளிருந்து பிடித்துச் சுருக்கியது.
வாழைப்பூ ஆய்ந்த விரலை
வாயில் வைத்தாற்போல.
கீழே வைத்துவிடலாமா என்று பார்த்தேன்.
நாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
இரண்டாவது மடக்கில்தான் இனிப்பு வந்தது,
தாமதமான கடைசி பஸ்போல
எல்லாரையும் ஏற்றிக்கொண்டு:
நனைந்த கற்பூரமரப் பட்டை,
முந்தாநாள் ரோஜா,
எங்கிருந்தோ கொஞ்சம் அடுப்புக்கரி.
மூன்றாவதில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது.

துவர் என்று ஒரு சொல்.
நாக்குக்குச் சொன்னால் சுவை,
கண்ணுக்குச் சொன்னால் சிவப்பு.
தேர்வாணையப் பரீட்சைக்குப் படித்தபோது எரிச்சலாயிருக்கும்,
ஒரே சொல்லுக்கு எதற்கு இரண்டு வேலை?
அன்று சாமான் அறை வாசலில்
டார்ச்சும் டம்ளருமாய் நின்றபோது தோன்றியது,
அந்தச் சொல்லைச் செய்தவன்
இரண்டையும் ஒரே மடக்கில் குடித்திருப்பான்.

“எங்க பறிச்ச?”
“உங்க கம்பிக்குக் கீழதான்.
டிரான்ஸ்பார்மர் மேட்டுல.
நீங்க மரத்த வெட்டி வெயில் விட்டீங்கல்ல,
அங்கதான் நல்லாக் காய்க்குது.”

பதினோரு வருடமாய் நடக்கும் மேடு.
அந்தச் செடியில்
சேலை மாட்டியிருக்கிறது, திட்டியிருக்கிறேன்.
பாதி இறக்கத்தில்தான் ஞாபகம் வந்தது,
மீட்டர் எண்ணை எடுக்கவே இல்லை.
ஏறினேன்.
அவள் இன்னும் அரை டம்ளர் ஊற்றி வைத்திருந்தாள்.

ஜனவரியில் லைன் சுத்தம்.
நஞ்சன் அரிவாளோடு மேட்டில் ஏறினான்.
“இடுப்புயரச் செடிய விட்டுடுங்க” என்றேன்.
“ஏன் மேடம்?”
“எர்த்திங்குக்கு நல்லது.”
அவன் செடியைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான்.
சிரிக்கவில்லை.
“ஜெசிந்தா வீட்டு எர்த்திங்கா?” என்றான்.