தொண்ணூறு யூரோவுக்கு ஒரு காது

தபால் நிலையத்தில் பொதி பிரிக்கும் வேலை.
மாதக் கடைசியில் கையில் மிஞ்சியது தொண்ணூறு யூரோ.
அதற்குள் ஒரு காது வாங்க வேண்டும்.

தார்த்து நகரில் பனி கொட்டினால்
யாரோ ஊரின் குமிழைத் திருகி
ஒலியைக் குறைத்தாற்போல் இருக்கும்.
அப்படியொரு சனிக்கிழமை.
ரைவோவின் கடைக் கண்ணாடிக்குள்
பல் மருத்துவருக்குக் காத்திருப்பவர்களைப் போல
மூன்று மைக்குகள்.

"டைனமிக் வாங்கிக்கொள்" என்றான்.
"முரட்டுப் பயல். கீழே போட்டாலும் சாகமாட்டான்.
முன்னால் நின்று பேசினால்தான் கேட்பான்,
பக்கத்து வீட்டுச் சண்டையில் தலையிடமாட்டான்."

நான் வாசிப்பது கன்னெல்.
மடியில் கிடத்தி விரலால் மீட்டும் முப்பத்தொரு கம்பி.
மீட்டிய கம்பி தானாக அடங்கும்வரை
பொறுத்திருப்பதுதான் அதில் பாதி வாசிப்பு.
அந்தப் பாதிக்கு முரடன் உதவமாட்டான்.
எறும்பு நடந்தாலும் திரும்பிப் பார்க்கும்
கண்டென்சர்தான் வேண்டும்.

மலிவான கண்டென்சருக்கு ஒரு வியாதி.
சும்மா இருக்கும்போதும் தனக்குள் சீறும்.
பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில்
அதற்கொரு எண் உண்டு, சுய இரைச்சல் என்று.
விலை இறங்க இறங்க எண் ஏறும்:
பதினாறு, இருபது, இருபத்து மூன்று.
மனிதர் நெற்றியிலும் இதை ஒட்டியிருந்தால்
இரண்டு காதலர்களை நான் தவிர்த்திருப்பேன்.

பதினாறின் விலை எண்பத்தைந்து.
யானைக்கு நான் தலையாட்டிய பிறகே
அங்குசத்தின் விலையைச் சொன்னான் ரைவோ.
நாற்பத்தெட்டு வோல்ட் ஊட்டாமல் இது கண் திறக்காதாம்.
ஃபாண்டம் பவராம்.
பேய்க்கும் நான்தான் சோறு போட வேண்டும்.

குமிழ் உடைந்த பழைய இன்டர்ஃபேஸ் ஒன்று
மூலையில் தூசி தின்றுகொண்டிருந்தது.
ஆணி பதித்த என் சைக்கிள் டயர்களைக் கழற்றித் தந்தேன்.
மிச்ச ஐந்து யூரோவில் கேபிள்.
பனியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே
வீடு வந்தேன்.

அன்னெலின், ஐந்தாம் மாடி.
துடைப்பக் கட்டையே ஸ்டாண்டு.
ஜன்னலுக்குக் கம்பளி போர்த்திப் பதிவை அழுத்தினேன்.
லிஃப்டின் இருமல்,
வெந்நீர்க் குழாயின் முட்டிச் சொடுக்கு,
மேல்மாடி நாயின் நகம்,
எனக்கு இருப்பதாகவே தெரியாத என் மூக்கொலி.
சுவருக்குக் காது உண்டு என்பதைக் கேட்டிருக்கிறேன்.
வாயும் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு 'ம்ம்ம்'.
ஃபிரிட்ஜ்.

பிளக்கைப் பிடுங்கினேன்.
வாயில் பற்பசை நுரையோடு ஓடிவந்தாள் ஊர்வே,
பாதி வாடகை கொடுப்பவள்.
"உள்ளே என் இன்சுலின் இருக்கிறது.
உன் கலைக்கு நான் பலியாக முடியாது."
திரும்பச் செருகினேன்.

தலையணை வைத்துப் பார்த்தேன். மெத்தை வைத்துப் பார்த்தேன்.
இரவு இரண்டு மணிக்கு, கோபத்தில்,
மிகத் தடித்த கம்பியை ஒரு தட்டு தட்டினேன்.
அது ஃபிரிட்ஜோடு மல்லுக்கு நின்றது:
வவ், வவ், வவ்.
முறுக்காணியை மயிரிழை திருப்பினேன்.
வவ்.
வெகுநேரம் கழித்து
இன்னொரு வவ்.
பிறகு இல்லை.

இரைச்சல் எங்கே போனது?
போகவில்லை. சுருதியாகிவிட்டது.
ஒன்றன்பின் ஒன்றாக மிச்சம் முப்பதையும்
சமையலறைக்கு இணங்கச் சேர்த்தேன்.
விடியும்போது என் கன்னெல்
உலகத்தின் எல்லாப் பியானோக்களையும் விடக் கொஞ்சம் மேலே,
எங்கள் வீட்டு மின்சாரத்துக்கு அச்சாகப் பொருந்தி
உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது பாட்டின் நடுவில்
டக்கென்று மோட்டார் ஓய்ந்தது.
காலடிப் பலகையை யாரோ உருவியதுபோல்
தொங்கியது என் கடைசிச் சுரம்.
பதினாறு மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

நிறுத்தவில்லை நான்.
விரலைக் கம்பிமேல் வைத்தபடி
அது குளிர் தீர்ந்து மறுபடி முனகக்
காத்திருந்தேன்.