பதினொரு நொடி

ரவுண்டானாவுக்குத் தெற்கே
ஜெராக்ஸ் மெஷினும் லேமினேஷன் சூடும் போக
மிஞ்சிய மூன்றடியில் என் கம்ப்யூட்டர்.
கிருஷ்ணகிரியில் ஜூன்.
மாங்காய் லாரி திரும்பும்போதெல்லாம்
கண்ணாடிக் கதவு ஒருமுறை நடுங்கும்.

மாதம்மாள், ஷாம்பு உறைக்குள் மடித்து
மெமரி கார்டு கொண்டுவந்தார்.
உள்ளே நாற்பத்தேழு கோப்புகள்.
எல்லாம் ஏ.எம்.ஆர்.
பட்டன் போன் தானாகப் பிடித்துவைத்தவை,
பெயரில்லாமல், தேதியும் மணியுமாக.

"ஆபீசர் போன்ல தெறக்கலயாம்.
எம்பித்ரீயா மாத்திக் குடுங்க.
திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல பேச்சு."

மாத்துனா கொரலு தெளியுமா என்றார்.
தெளியாதுங்க என்றேன்.
ஒரு சொம்பு மோரை அண்டாவில் ஊற்றினாலும்
ஒரு சொம்பு மோர்தான்.
அந்த போன் கேட்கும்போதே
பாதியைக் காதில் வாங்கவில்லை;
செலவு மிச்சமென்று விட்டுவிட்டது.
விட்டதைத் தேடித்தர
இங்கே மென்பொருள் கிடையாது.

அதற்குத் தலையாட்டினார்.
மண்டியில் கழிவு போட்டதும் ஆட்டுகிற மாதிரி.

பச்சைக் கோடு ஊர்ந்து முடிந்தது.
சரிபார்க்க முப்பத்தோராவதைப் போட்டேன்.

"கிலோ பதினாலுன்னீங்களே,
எழுதித் தருவீங்களா?"
"பாத்துக்கலாம்மா."

"இது இல்ல," என்றார்.

இதேதாங்க. தேதி பாருங்க, மணி பாருங்க.

"தேதி சரி. கேட்டதும் சொல்றாரே?
அவரு அப்படிச் சொல்லல.
லைன் போயிடுச்சோன்னு
போனைக் காதுலருந்து எடுத்துப் பாத்தேன் நானு.
அது எங்க?"

திரையில் தேடினேன்.
மூலையில் ஒரு சின்னக் கட்டம்: மௌனம் நீக்கு.
பழையபேட்டை பாஸ்டரின் பிரசங்கத்துக்காக
தைப்பொங்கல் வாரத்தில் நான் போட்ட டிக்.
அவர் தண்ணீர் குடிக்கும் இடங்களை வெட்ட.
அன்றிலிருந்து இந்தக் கடையில்
யாரும் யோசித்துப் பேசவில்லை.

டிக்கை எடுத்தேன். திரும்ப ஓடவிட்டேன்.
நாற்பத்தேழும் கொஞ்சம் கொஞ்சம் நீண்டன.
முப்பத்தொன்று மட்டும்
பதினொரு நொடி.

அதில் ஃபேன் சுற்றுகிறது.
டிவியில் சோப்பு விளம்பரம்.
நாற்காலி இழுபடுகிறது.
பிறகு, போனிலிருந்து தள்ளி,
யாரோ ஒரு சொல் சொல்கிறார்.
ஒரே சொல்.
அதன் பிறகுதான் "பாத்துக்கலாம்மா."

சத்தத்தைக் கூட்டினேன்.
கூடவே இரைச்சலும் வளர்ந்தது,
தகரக் கூரையில் புளி உலுக்கியதுபோல.

"எட்டுங்கிறான்," என்றார் மாதம்மாள்.
"எட்டுக்குத்தான் எடுத்தாங்க, மூணு லோடும்."

ஹெட்போனில் கேட்டேன். நான்கு முறை.
எட்டாகவும் இருக்கலாம்.
'பத்து' என்றும் கேட்டது எனக்கு.
'விடு' என்றும் கேட்டது.
எந்த எழுத்தில் தொடங்கியதோ
அந்த எழுத்தைத்தான் பழைய போன் எடுக்கவில்லை.
ஆமாங்க என்றும் சொல்லவில்லை,
இல்லீங்க என்றும் சொல்லவில்லை.
நானும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார்.
எண்ணுகிறாரோ என்று தோன்றியது.

"அந்த எடத்த மட்டும் தனியா வெட்டிக் குடுங்க."

வெட்டினேன்.
பெயர் என்ன வைக்க என்று கேட்டதற்கு
"மூணு லோடு" என்றார். தட்டச்சு செய்தேன்.
கோப்புக்கு அஞ்சு ரூபாய்,
நாற்பத்தெட்டுக்கு இருநூற்று நாற்பது.
நாற்பதை விட்டேன்.
அவர் விடவில்லை, சில்லறையாக எண்ணி
லேமினேஷன் மெஷின் மேல் வைத்தார்;
சூடாகிவிட்டது காசு.

திங்கட்கிழமை என்ன பேசினார்களோ,
அந்தப் பக்கத்து ஆள் யாரும்
ஜெராக்ஸுக்கு வரவில்லை.

புதன்கிழமை பாஸ்டர் வந்தார்.
"என்ன தம்பி, இந்தத் தடவை
நான் தண்ணி குடிக்கிறதெல்லாம் கேக்குதே?"

போட்டுப் பார்த்தேன்.
மூடி திருகுகிறார். இரண்டு மிடறு.
சபையில் ஒரு குழந்தை இருமுகிறது.
ஆமாங்கய்யா, கேக்குது என்றேன்.